மசில்லோடர் சீசனில் நவீனக் கருவிகள் வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சிக்கிமுக்கித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவன். இங்கே வேட்டைக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். பழைய துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய சீசனில் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு எல்லாம் வரலாமா, கூடாதா என்பதுதான் அது. புதிதாக வேட்டை லைசென்ஸ் எடுக்கும் தமிழ் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை.

மசில்லோடர் என்றால் என்ன?

குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வோமே, அதே வகை. தோட்டா கிடையாது. முதலில் கருமருந்தை அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அதே பழைய மருந்துதான். அப்புறம் எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈய உருண்டையை வைத்து, நீளக் கோலால் அடிவரை அழுத்தி இறக்க வேண்டும்.

சிக்கிமுக்கியில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கும். குழலின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் நைசான மருந்து ஒரு சிட்டிகை போட்டு இரும்பு மூடியைச் சாத்த வேண்டும். விசையை இழுத்தால் கல் அந்த இரும்பில் உரசும், பொறி பறக்கும், கிண்ணத்து மருந்து பற்றும், அந்த நெருப்பு ஊசித்துளை வழியாக உள்ளே போகும். பிறகுதான் வெடி. 1800களின் முற்பகுதியில் கேப் வந்தது. சின்னச் செம்புக் குப்பி, சுத்தி தட்டினால் உள்ளே நெருப்பு. தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டுவோமே, அதே சங்கதி.

எப்படிப் பார்த்தாலும் ஒரு வெடிதான். அடுத்த வெடிக்குத் தயாராக எனக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். குளிரில் விரல் விறைத்துவிட்டால் இன்னும் கூடும்.

இதற்கு ஏன் தனி சீசன்?

இது ஒரு கொடுக்கல் வாங்கல். வேட்டைக்காரர் தன் கையைத் தானே கொஞ்சம் கட்டிக்கொள்கிறார். பதிலுக்கு மாநில வனவிலங்குத் துறை அவருக்கு நல்ல நாட்களையும் கூட்டமில்லாத காட்டையும் கொடுக்கிறது. நூறு பேர் மசில்லோடரோடு போனால், நவீன ரைஃபிளோடு போகும் நூறு பேர் அளவுக்கு மான் விழாது. அந்த நம்பிக்கையில்தான் அனுமதிச் சீட்டுகளின் எண்ணிக்கையையே கணக்குப் போடுகிறார்கள்.

கொலராடோவைப் பாருங்கள். அங்கே மசில்லோடர் சீசன் செப்டம்பரில் ஒன்பது நாள். எல்க் என்ற பெரிய மான் வகையின் ஆண்கள் இணைக்காக மலையதிரக் கூவும் பருவம் அது. கூவலுக்குப் பதில் கூவல் கொடுத்தே அதைப் பக்கத்தில் வரவழைக்க முடியும். ரைஃபிள்காரர்கள் பொதுவாக அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒன்பது நாளின் அருமை தெரிந்தால், கருவி விஷயத்தில் ஏன் இத்தனை கறாராக இருக்கிறார்கள் என்பதும் புரியும்.

எங்கள் பென்சில்வேனியாவில் சிக்கிமுக்கி சீசன் 1974இல் தொடங்கியது. இந்த மண்ணுக்கு அது பொருத்தமும்கூட. 1700களில் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய நீளக் குழல் ரைஃபிளுக்குத்தான் பென்சில்வேனியா ரைஃபிள் என்ற பெயரே வந்தது.

சண்டை எப்போது ஆரம்பித்தது?

தனி சீசன்கள் வந்தபோது மசில்லோடர் என்றால் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் இருந்தது. அதனால் பல மாநிலங்கள் சட்டத்தில் விவரமாக எழுதவில்லை. "வாய் வழியாகக் கெட்டிப்பது" என்று போட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நுழைந்தது.

1976இல் பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்து சந்தைக்கு வந்தது. கருமருந்தைப் போலவே அளந்து போடலாம், கையாள்வதில் ஆபத்தும் குறைவு. அதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. 1985இல் மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் எம்.கே.-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அதில் நெருப்பு பக்கவாட்டிலிருந்து வராமல் குழலுக்கு நேர் பின்னாலிருந்து வரும். இந்த அமைப்புக்கு இன்லைன் என்று பெயர். அடிப்பக்கத் திருகைக் கழற்றிக் குழலை நேராகத் துடைத்துவிடலாம், பார்ப்பதற்கும் சாதாரண ரைஃபிள் மாதிரியே இருக்கும். நேர்பின்னால் நெருப்பு வைக்கும் யோசனை 1700களிலேயே ஐரோப்பாவில் இருந்தது என்று இன்லைன்காரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் அதை வாங்கிக் காட்டுக்குப் போனவர்கள் மிகக் குறைவு.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் 209 பிரைமரையே பின்னால் வைத்தார்கள். கருமருந்துக்குப் பதிலாக வில்லை வில்லையாக பெல்லட் வந்தது. கைத்துப்பாக்கிக் குண்டை சாபோ என்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் குழலில் இறக்கினார்கள். மேலே பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். 2000 வாக்கில் புகையில்லா மருந்தே போடக்கூடிய சாவேஜ் 10எம்எல் வந்தது. இன்று 500 கஜம் வரை சுடலாம் என்று விளம்பரம் செய்யும் மசில்லோடர்களை விற்கிறார்கள். வாய் வழியாகக் கெட்டிப்பது ஒன்றுதான் பழையதில் மிச்சம்.

எந்த மாநிலத்தில் என்ன விதி?

ஒரே நாடு, ஆனால் எல்லை தாண்டினால் விதி மாறும். இறுக்கமான இடத்திலிருந்து தளர்வான இடம் வரை சிலவற்றைச் சொல்கிறேன்.

மொன்டானா 2021இல் பாரம்பரிய மசில்லோடர் சீசன் என்று டிசம்பரில் ஒன்பது நாள் ஒதுக்கியது. சுத்தியும் நெருப்பு பற்றும் இடமும் வெளியே தெரிய வேண்டும், தூள் மருந்து, வெறும் ஈயக் குண்டு, கண்ணாடி இல்லாத இரும்புக் குறிபார்ப்பான் மட்டும். சாபோ, பெல்லட், 209 பிரைமர் எதுவும் கூடாது. ஆரம்பத்திலேயே ஒவ்வொன்றையும் தெளிவாக எழுதிவைத்தது அவர்கள் செய்த நல்ல காரியம். மற்ற மாநிலங்கள் முப்பது வருடம் சண்டை போட்டதைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறார்கள். ஐடஹோவின் மசில்லோடர் சீசன் விதியும் ஏறக்குறைய இந்த வழிதான்.

கொலராடோ நடுவில் நிற்கிறது. இன்லைன் துப்பாக்கி சரி. ஆனால் சாபோ கூடாது, பெல்லட் கூடாது, புகையில்லா மருந்து கூடாது, ஸ்கோப்பும் கூடாது.

பென்சில்வேனியா ஒரு சமரசம் செய்துகொண்டது. அக்டோபரில் கொம்பில்லாத மானுக்காக வரும் மசில்லோடர் நாட்களில் இன்லைனும் ஸ்கோப்பும் கொண்டுபோகலாம். கிறிஸ்துமஸுக்கு அடுத்து வரும் சீசனில் சிக்கிமுக்கி மட்டும். இருசாராரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ இது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெல்லட்டைப் பற்றவைக்கத் தோதாக வடிவமைத்த ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி, இந்த மாநிலத்தின் பெயரைத் தாங்கியே விற்பனைக்கு வந்தது. விதி எப்படியோ, கடைச் சரக்கும் அப்படி.

தெற்கே மிசிசிப்பியும் லூசியானாவும் அந்தக் கோடி. அங்கே "ஆதிகால ஆயுத சீசன்" என்று பெயர் வைத்துவிட்டு, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஒற்றைவெடி ரைஃபிளையே அனுமதிக்கிறார்கள். வெளியே தெரியும் சுத்தி வேண்டும், குழல் துளையின் அளவு .35 காலிபர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வழுக்கிக்கொண்டே போனால் எங்கே போய் முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் அங்கே வெள்ளைவால் மான் ஏராளம். பத்து கூடுதலாக விழுந்தாலும் பெரிய பாதிப்பில்லை. மேற்கத்திய மலைகளில் மியூல் மானின் கதை அப்படி இல்லை.

இந்த விதிகள் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் அந்த வருடத்துக்கான விதிப் புத்தகத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட ஸ்கோப்புக்கு ஏன் இவ்வளவு சண்டை?

மற்றவை எல்லாம் துப்பாக்கியை நம்பகமாக்கும். ஸ்கோப் தூரத்தைக் கூட்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

யூட்டா மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2016இல் மசில்லோடரில் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை அனுமதித்தார்கள். சில வருடங்களிலேயே நெடுந்தூர மசில்லோடர்கள் அங்கே பெருகின. முன்பெல்லாம் நூறு கஜத்துக்குள் ஊர்ந்து போக வேண்டிய மானை எதிர்ச் சரிவிலிருந்தே சுட முடிந்தது. வேட்டைத் தொழில்நுட்பத்தைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள், கூட்டம் கூட்டமாகக் கருத்துக் கேட்டார்கள். கடைசியில் 2024 ஜனவரியில் யூட்டா வனவிலங்கு வாரியம் மசில்லோடர் சீசனிலிருந்து அந்த ஸ்கோப்பை நீக்கியது. நியூ மெக்சிகோவும் 2023இல் இதே பக்கம் திரும்பியது.

கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எந்தத் துறைக்கும் எளிதல்ல. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் துப்பாக்கியும் ஸ்கோப்பும் வாங்கியவர்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, சட்டம் சொன்னபடிதானே வாங்கினார்கள்? ஆனால் வேறு வழி என்ன? மான் விழும் எண்ணிக்கை கூடினால் துறை ஒன்று சீட்டைக் குறைக்கும், இல்லையென்றால் நாளைக் குறைக்கும். மேற்கில் சீட்டே குலுக்கலில்தான் கிடைக்கிறது, பல வருடம் காத்திருக்கிறார்கள். தூரத்தில் சுடும் ஒருவருக்காக, காத்திருக்கும் இன்னொருவர் தன் முறையை இழக்கிறார். எனக்கு அதில்தான் மனம் ஒப்பவில்லை.

நல்ல கருவி இருந்தால் மான் காயத்தோடு தப்புவது குறையும் என்கிறார்களே?

இது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். நான் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை, காரணம் சொந்த அனுபவம்.

ஒரு ஜனவரி மாதம், காலையிலிருந்து மூடுபனி. கிண்ணத்து மருந்தை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சோம்பலில் விட்டுவிட்டேன். நாற்பது கஜத்தில் ஒரு பெண்மான் பக்கவாட்டில் வந்து நின்றது. விசையை இழுத்தேன். கண்முன்னால் கிண்ணத்தில் புஸ்ஸென்று நெருப்பு, ஆனால் குழல் வெடிக்கவில்லை. அரை நொடி இருக்கும். அந்த அரை நொடியில் மான் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. அப்புறம்தான் வெடித்தது. குண்டு தோளுக்குப் பின்னால் படாமல் வயிற்றில் பட்டது. இலைமேல் கரும்பச்சைக் கறையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இருட்டும்வரை தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடைக்கரையில் செத்துக் கிடந்ததைக் கண்டேன். இரவு முழுக்க அது பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அதனால்தான் பிரைமர் வைப்பவரை நான் கேவலமாகப் பேசுவதில்லை. நினைத்த கணத்தில் வெடிக்கும் துப்பாக்கி மானுக்கும் நல்லது. ஆனால் ஸ்கோப்புக்கு இதே வாதம் செல்லாது. நூறு கஜத்தில் ஸ்கோப் உள்ளவர் நன்றாகச் சுடுவார், மறுக்கவில்லை. அவர் நூறு கஜத்திலேயே நிற்பாரா என்பதுதான் கேள்வி. நூறு கஜத்துக்குக் குறி வைத்த இன்லைன் துப்பாக்கியின் குண்டு 250 கஜம் போவதற்குள் இரண்டடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். காற்று பக்கத்தில் தள்ளுவது தனி. தூரத்தில் தவறினால், அங்கே போய்ச் சேர்ந்து ரத்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

வயதானவர்கள், பார்வை குறைந்தவர்கள் என்ன செய்வது?

நாற்பத்தைந்து தாண்டினால் பின் குறி, முன் குறி, மான் மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. எனக்கும் இப்போது பின் குறி மங்கல்தான். பெரிதாக்காத ஒன்று எக்ஸ் ஸ்கோப்பை எல்லோருக்கும் அனுமதித்துவிடலாம் என்பது என் கருத்து. அது தூரத்தைக் கூட்டாது, கண்ணுக்கு ஒரே தளத்தில் குறியைக் காட்டும். விதி அதற்கு இடம் தராத இடத்தில் துளைவழிக் குறியோ ஒளிரும் நார்க் குறியோ உதவும். மருத்துவர் சான்றோடு விண்ணப்பித்தால் விலக்குத் தரும் மாநிலங்களும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

தூள் மருந்துக்கும் பெல்லட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

வேகம். தூளை அளக்க வேண்டும், கொட்ட வேண்டும். பெல்லட் 50 கிரெய்ன் (மருந்து அளக்கும் சிறு அலகு) அளவில் தயாராக வரும், இரண்டு மூன்றை எடுத்து உள்ளே போட்டால் முடிந்தது. இதைத் தடை செய்தால் மான் பிழைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. மரபுக்காக வைத்திருக்கும் விதி இது, அவ்வளவுதான்.

புகையில்லா மருந்தை என் துப்பாக்கியில் போடலாமா?

போடவே கூடாது. அதற்கென்றே செய்த துப்பாக்கி தவிர வேறு எதிலும் கூடாது. புகையில்லா மருந்து கருமருந்தைவிடப் பல மடங்கு அழுத்தத்தை உண்டாக்கும், கருமருந்துக்குச் செய்த குழல் பிளந்து கையும் முகமும் போய்விடும். கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லையா என்று ஒரு தம்பி கேட்டார். கொஞ்சமும் கூடாது தம்பி.

பின்பக்கம் வழியாக மருந்துக் குப்பி போடும் புதிய வகை வந்திருக்கிறதாமே?

ஆமாம். 2020இல் ஃபெடரல் நிறுவனம் ஃபயர்ஸ்டிக் என்ற குப்பியையும், டிரெடிஷன்ஸ் நிறுவனம் அதற்கான நைட்ரோஃபயர் துப்பாக்கியையும் அறிமுகப்படுத்தின. குண்டு மட்டும் வாய் வழியாகப் போகும். மருந்து, மூடிய பிளாஸ்டிக் குப்பியில் பின்பக்கம் நுழையும். ஈரம் படாது, வேட்டை முடிந்ததும் குப்பியை உருவிவிட்டால் பாதுகாப்பு. நல்ல பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் பாதியைப் பின்னாலிருந்து போட்ட பிறகு அதை மசில்லோடர் என்று எப்படிச் சொல்வது? மாநிலங்களும் இதில் ஒன்றுபோல முடிவெடுக்கவில்லை. வாங்குமுன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள்.

ஈயக் குண்டு பறவைகளுக்கு விஷம் என்கிறார்களே, பாரம்பரியம் பேசுபவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

பாரம்பரியக்காரர்களான எங்களுக்குச் சங்கடமான கேள்வி. குண்டு பட்ட உடலில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்கைத் தின்று கழுகுகளும், கலிஃபோர்னியாவின் காண்டோர் பிணந்தின்னிக் கழுகுகளும் சாகின்றன. அதனால் கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று நடைமுறைப்படுத்தியது. செம்புக் குண்டு நல்ல மாற்று. ஆனால் செம்பு கெட்டியானது, ஈயம்போலக் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகளில் எளிதாகப் பதியாது, பெரும்பாலும் சாபோ உறை வேண்டும். சாபோவைத் தடை செய்துவிட்டு ஈயத்தையும் விடு என்றால் வேட்டைக்காரர் எதைக் கெட்டிப்பார்? இந்த இடத்தில் மரபு பேசுபவர்கள் இறங்கிவர வேண்டும். செம்புக் குண்டுக்காகப் போடும் சாபோவுக்கு விலக்குத் தரலாம்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். மசில்லோடர் வாங்கலாமா?

தமிழர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. அப்புறம், கருமருந்துக்கோ அதன் மாற்றுக்கோ மட்டும் செய்த, தோட்டா போடவே முடியாத மசில்லோடரைக் கூட்டாட்சிச் சட்டம் பழங்காலத் துப்பாக்கி என்று தனியாக வைக்கிறது. ஆனால் மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம். நியூ ஜெர்சியில் மசில்லோடர் வாங்கவும் துப்பாக்கி வாங்குவோர் அட்டை வேண்டும். விசா விஷயத்தில் விளையாட வேண்டாம், ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். இங்கே எழுதியது எதுவும் அங்கே பொருந்தாது.

சரி, நீங்களே விதி எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?

துப்பாக்கி எந்த நூற்றாண்டு என்று கேட்க மாட்டேன். எவ்வளவு தூரம் எட்டும் என்று மட்டும் கேட்பேன். பிரைமர் சரி, இன்லைன் சரி, மாற்று மருந்து சரி. பெரிதாக்கும் ஸ்கோப் வேண்டாம், புகையில்லா மருந்து வேண்டாம், தூரம் அளக்கும் மின்னணுக் குறியும் வேண்டாம். இவற்றோடு பென்சில்வேனியா மாதிரி, சிக்கிமுக்கிக்கென்று சில நாட்களை அப்படியே விட்டுவைப்பேன். என் நண்பர்களில் சிலர் இதுவே தாராளம் என்று கோபிப்பார்கள்.

புதிதாகத் தொடங்க எதை வாங்கலாம்?

.50 காலிபரில் கேப் வைக்கும் துப்பாக்கி. சிக்கிமுக்கியை இரண்டு வருடம் கழித்துத் தொடலாம். ஈய உருண்டை நூறு கஜம் போவதற்குள் வேகத்தில் கிட்டத்தட்ட பாதியை இழந்துவிடும், ஆகவே ஐம்பது கஜத்தில் ஒரு தட்டு அளவு வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து விழும்வரை பயிற்சி செய்யுங்கள். அதற்கு மேல் தூரத்தில் மானைச் சுடாதீர்கள். வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே குழலைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும், அது கந்தகம். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். ஒரு ராத்திரி விட்டால் போதும், காலையில் குழலுக்குள் துரு ஏறியிருக்கும்.